வாசல் இல்லாத சபை

முன்னொரு காலத்தில், சட்டம் போடுவதென்றால் சாப்பாட்டையே மறந்துவிடும் அரசன் ஒருவன் இருந்தான். மாவடு ஊறுமுன் ஜாடியைத் திறக்கக் கூடாது என்றுகூட அவன் நாட்டில் சட்டம் உண்டு. சபையில் ஓலையை மூன்று முறை வாசிப்பார்கள். மறுப்பவர் இல்லையென்றால் வாசலுக்கு வெளியே தொங்கும் வெண்கல மணியை அடிப்பார்கள். அவ்வளவுதான், சட்டம்.

அந்த மணியோசைக்காகச் சபைக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில் தினமும் காத்து நிற்பாள் ஆவுடை. பாடசாலையில் நான்கு வருஷம் சட்ட ஓலைகளைக் கரைத்துக் குடித்தவள். ஆனால் ஒரு சட்டம் பிறப்பதைக் கண்ணால் கண்டதில்லை. மணி அடிக்கும்போதெல்லாம், உள்ளே யார் பேசினார்களோ, யார் தயங்கினார்களோ என்று ஏங்குவாள். வீட்டுக்குப் போகக் கால் வராது.

அரசவை விகடன் கொற்றன் இதைக் கவனித்தான். "மகாராஜா, சட்டம் படிக்கும் இந்தப் பெண் மூன்று மாதம் சபையில் இருந்து வேலை பழகட்டுமே" என்றான். அரசன் சம்மதித்தான். சந்தோஷத்தில் ஆவுடைக்கு அன்று சோறே இறங்கவில்லை.

தலைமை அமைச்சர் ஏனாதியாருக்கு வயிறு எரிந்தது. கொற்றன் சொல்லி ஒரு காரியம் நடப்பதா? மறுநாளே ஓலை நீட்டினார்: "சபையில் முன்பு பணி செய்திராத எவரும் அதன் வாசலைத் தாண்டலாகாது. இது ஆதிநாள் முதற்கொண்டு செல்லும்." கடைசி வரி சும்மா மிடுக்குக்குச் சேர்த்தது. மணி அடித்தது.

கொற்றன் வந்து சொன்னதும் ஆவுடை அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆதிநாள் முதலா? அப்படியானால் உள்ளே இருப்பவர்களும்..." என்று இழுத்தாள்.

"போதும் தாயே, மிச்சத்தை என்னிடம் விடு" என்றான் கொற்றன்.

விடிந்ததும் சபை வாசலை மறித்து நின்றான். "ஏனாதியாரே, தாங்கள் முதல்நாள் வந்தபோது, அதற்கு முன்பே சபையில் பணி செய்திருந்தீர்களா?"

"முதல்நாளுக்கு முன் எப்படியடா செய்வது?"

"அப்படியானால் அன்றே தாங்கள் வாசலைத் தாண்டியது குற்றம். சட்டம் ஆதிநாள் முதல் செல்கிறதே!"

அமைச்சர்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். அரசன் வந்தான். கொற்றன் கும்பிட்டானே தவிர வழிவிடவில்லை. "முடிசூடிய அன்று தாங்களும் புதியவர்தான், மகாராஜா."

"அந்தச் சட்டத்தை நீக்கித் தொலையுங்கள்!"

"நீக்குவதற்குச் சபைக்குள் போகவேண்டும், பிரபு" என்று முனகினார் ஏனாதியார்.

"சட்டம் தெரிந்தவள் அதோ நிற்கிறாள், கேளுங்கள்" என்றான் கொற்றன்.

ஆவுடை முன்னே வந்து கும்பிட்டாள். "மன்னர் அமரும் இடமே சபை என்று பழைய ஓலை சொல்கிறது, பிரபு. இந்த மரத்தடியில் அமரலாம். இங்கே தாண்டுவதற்கு வாசல் இல்லை."

அரசன் புளியமர வேரில் அமர்ந்தான். கடைசி வரியை மட்டும் நீக்கினால் போதும் என்று ஏனாதியார் அவசரமாகச் சொன்னார். ஆவுடை ஓலை எழுதினாள். மூன்று முறை வாசித்தார்கள். மறுப்பவர் இல்லை. "நீயே மணியை அடி, அம்மா" என்றான் அரசன்.

அடித்தாள்.

ஏனாதியார் மீசையைத் தடவினார். "இனி நாங்கள் உள்ளே போகலாம். இவளால் முடியாது. முதல் வரி அப்படியே இருக்கிறது."

"இருக்கட்டுமே" என்றான் கொற்றன். "இன்று சபையில் ஓலை எழுதியது யார்? மணி அடித்தது யார்? முன்பு பணி செய்தவள் ஆகிவிட்டாளே, ஐயா!"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கொற்றன் கழுத்தில் போட்டான். ஆவுடைக்குச் சபையில் ஒரு பாய் விரிக்கச் சொன்னான்.

வாசலைத் தாண்டிய ஆவுடை முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். வெளியே மரத்தடியில் யாரும் இல்லை. அத்தனை நாள் அங்கே நின்றவளை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.