ஓர் ஓலையும் நாற்பது ஓலையும்

நீதிக் கதை என்றால் சிங்கம் வரும், நரி வரும், காகம் தவறாமல் வந்துவிடும். எறும்புதின்னியான அழுங்கை யாரும் அழைப்பதில்லை. உடல் முழுதும் செதில், வாய் நிறைய எறும்பு, பேச்சிலும் இனிமை கிடையாது. இந்தக் கதை அவளுடையது.

மூங்கிற்காட்டு ஓடைக்கரையில் வாழ்ந்த அந்த அழுங்கு, எந்தக் கிழங்கு உணவு, எந்தக் காய் நஞ்சு என்று பல ஆண்டுகள் அலைந்து அறிந்து, நாற்பது பனை ஓலைகளில் தன் நகத்தாலேயே எழுதிவைத்தாள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிதாகத் தெரிந்ததை ஓலையின் ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்ப்பாள். எழுதி எழுதி நகம் தேய்ந்துபோயிற்று. கறையான் புற்றைத் தோண்ட இனி அவளால் ஆகாது. ஆகவே காட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சுவடியைப் படிக்க வருபவர் அவளுக்கு ஒரு புற்றை உடைத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் அவளுடைய சாப்பாடு.

ஒருநாள் அணில் வந்தாள். குட்டிகளுக்குப் பாடம் சொல்பவள்.

"அக்கா, கிழங்கு பற்றிய ஓலையை மட்டும் என் பன்னிரண்டு குட்டிகளுக்காகப் படியெடுக்கட்டுமா? புற்றுடைக்க எனக்கு வலு இல்லை."

"உன்னை உடைக்கச் சொன்னால் புற்றுதான் சிரிக்கும். எழுதிக்கொள். ஓரத்தில் இருப்பதை விடாதே. யார் எழுதியது என்பதையும் போடு."

மரத்தின் மேலிருந்த குரங்கு இதைக் கேட்டான். மறுநாள் அவனும் பள்ளிக்கூடம் என்று சொல்லி ஓர் ஓலையைப் படியெடுத்தான். அடுத்த நாள் வேறு வகுப்புக்கு என்றான். அதற்கடுத்த நாள் இன்னொரு வகுப்பு. படிப்பில் எவ்வளவு ஆர்வம் என்று அழுங்கு மகிழ்ந்தாள். கெட்டிக்காரிகளும் ஏமாறுவதுண்டு.

நாற்பதாம் நாள் சுவடி முழுவதும் குரங்கிடம் இருந்தது. பொடி எழுத்து கண்ணை உறுத்தியதால் ஓரங்களை விட்டுவிட்டான். அழுங்கின் பெயரையும் விட்டுவிட்டுத் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டான். பிறகு படிகள் பல எழுதி, ஆலமரத்தடியில் சுவடிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் என்று விற்றான். காடே அவனைப் புலவர் என்றது.

அழுங்கின் வளைக்கு யாரும் வரவில்லை. புற்றுகள் உடையாமல் நின்றன. ஐந்து நாள் பட்டினிக்குப் பிறகு அவள் ஆலமரத்தடிக்குப் போனாள்.

"குரங்கே, இது என் சுவடி."

"நாளுக்கு ஓர் ஓலைதானே எடுத்தேன்? அணிலும் ஓர் ஓலைதான் எடுத்தாள். அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"அவள் ஓடையில் ஒரு கை நீர் அள்ளினாள். நீ ஓடையையே உன் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, இதுவும் ஒரு கை நீர்தான் என்கிறாய்."

புலவரிடம் பேசும் பேச்சைப் பாருங்கள் என்று முயல் முகம் சுளித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். அழுங்கு வளைக்குத் திரும்பிச் சுருண்டு படுத்தாள்.

மறுநாள் கரடி, குரங்கின் ஓலையைப் பார்த்து ஒரு கிழங்கைத் தோண்டினான். 'சுவையானது, உண்ணலாம்' என்று எழுதியிருந்தது. வயிறு நிறையத் தின்றான். தொண்டை வீங்கியது. மூச்சுத் திணறியபடி ஆலமரத்தடிக்கு ஓடிவந்து மாற்று மருந்து கேட்டான். குரங்கு நாற்பது ஓலைகளையும் புரட்டினான். ஒன்றும் இல்லை.

"நீங்கள்தானே எழுதினீர்கள், புலவரே?" என்றான் கரடி.

புலவருக்கு உச்சிக்கிளையில் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது.

அணில் தன் ஓலையைக் கொண்டுவந்து ஓரத்தைப் படித்தாள்: 'மூன்று நாள் ஓடுநீரில் ஊறவைக்காமல் தின்றால் தொண்டை வீங்கும்.' மாற்று அதிலும் இல்லை. ஆனால் கீழே அழுங்கின் பெயர் இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரிந்தது. கரடி அவள் வளைக்கு ஓடினான்.

பட்டினியில் தலையைத் தூக்க முடியாத அழுங்கு, படுத்தபடியே சொன்னாள்: "புளியங்காயை மென்று சாற்றை விழுங்கு. மாலைக்குள் வடிந்துவிடும். நன்றியெல்லாம் பிறகு, இப்போது உன்னால் பேச முடியாது."

வீக்கம் வடிந்தது. அன்று மாலையே கரடி அவளுக்கு ஒரு புற்றை உடைத்தான். வாரந்தோறும் வந்து உடைத்தான். கரடி என்பதால் பாதியை அவனே தின்றான், அவள் கண்டுகொள்ளவில்லை. சுவடி தேடி மற்றவர்களும் வெட்கத்தோடு வளைக்கு வந்தார்கள். அழுங்கு உடல் தேறி, ஓரத்தில் புளியங்காயையும் எழுதிச் சேர்த்து, நெடுங்காலம் வாழ்ந்தாள்.

பிறர் உழைப்பில் தேவையான அளவைக் கேட்டு, பெயர் சொல்லி எடுப்பது பயன்பாடு. பெயரை மறைத்து முழுவதையும் எடுத்து அவர் வயிற்றில் அடிப்பது திருட்டு.