இழுத்துத் தைச்ச மூஞ்சி

"நிறுத்துங்க நஞ்சப்பன். மூஞ்சி என்னுது, பணம் என்னுது, கத்தி வெச்சது டாக்டர். நடுவுல உங்களுக்கு எங்க வலிக்குது?"

தெய்வானை போனைக் காதுல வைக்கல. வைக்க முடியாது. காதைச் சுத்தித் தையல் பிரிச்ச எடம் இன்னும் ஆறல. ஒரு சாண் தள்ளிப் புடிச்சுட்டு, தாடையை அசைக்காம, பல்லுக்கு நடுவுலயே சண்டை போட்டுட்டு இருந்தா.

"ஆமா, உடம்பு பெருசில்லன்னு ஐயா சொன்னதை நானுந்தான் கேட்டேன். உங்களுக்குப் பக்கத்துல உக்காந்துதான் கேட்டேன். நீங்க மீசைக்குக் கருப்பு அடிச்சுட்டு வந்து உக்காந்திருந்தீங்க. நான் ஏதாச்சும் கேட்டனா?"

கொஞ்ச நேரம் கேட்டுட்டு இருந்தா. அப்புறம் ஆபரேஷனுக்காகத் தாடையைச் சுத்திக் கட்டிருந்த பட்டை தெறிக்கற மாதிரி கத்துனா.

"தைராய்டு ஆபரேஷன்னு சொல்லிக்கறதா? ஏனுங்க, பொய் சொன்னா சேத்துக்குவீங்க, நெசத்தைச் சொன்னா ஒதுக்கி வெப்பீங்களா? மன்னிப்பெல்லாம் கேக்க முடியாது. நாளைக்குப் பௌர்ணமி. மொதப் பாட்டு நான்தான் பாடுவேன். வேண்டாம்னா ஐயா தன் வாயால சொல்லட்டும்."

போனைக் கட் பண்ணினா.

கரட்டடியில ஐயாதான் குரு; பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் குடில்ல பாட்டும் பேச்சும் நடக்கும். நஞ்சப்பன் அந்தக் குடிலுக்குச் செயலாளர். தெய்வானைக்கு வயசு அறுபத்தாறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. ரிட்டயர் ஆனதுல இருந்து பௌர்ணமி தவறாம குடில்ல அவ குரல்தான் முதல்ல எந்திரிக்கும். போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில, தொங்கிப்போன கன்னத்தையும் கழுத்தையும் இழுத்துத் தைச்சுட்டு வந்துட்டா. அதை மறைக்கவும் இல்ல. கேட்டவங்க, கேக்காதவங்க எல்லாத்துக்கிட்டயும் சொன்னா.

இப்ப கண்ணுக்குக் கீழ மஞ்சளும் பச்சையுமா கன்னிப் போயிருக்கு. கன்னம் ரெண்டும் பொங்கின மாவாட்டம். அப்படியே ஆட்டோ ஏறி ஐயாவைப் பாக்கப் போனா.

ஐயா பாயில உக்காந்து நெலக்கடலை உரிச்சுட்டு இருந்தார். எல்லாரும் வந்ததும் அவர் கால்ல விழுவாங்க. தெய்வானை நட்டமா நின்னா.

"குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருங்க. திமிருன்னு நெனைச்சாலும் சரி."

ஐயா நிமிந்து பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார்.

"இத்தனை வருசமா உன்ற உச்சி வகுடுதான் எனக்குத் தெரியும், அம்மிணி. இன்னைக்குத்தான் மூஞ்சியைப் பாக்கறேன்."

"பாத்துக்குங்க. வீக்கம் வடிஞ்சா மாறிரும்."

"கடலை தின்னு."

"மெல்லக் கூடாதுங்க."

"பேசலாமா?"

"அதுவும் கூடாதுன்னுதான் சொன்னாரு."

"தெரியுது," ஐயா சிரிச்சார்.

தெய்வானைக்குச் சிரிப்பு வந்துச்சு. கன்னம் சுண்டி இழுத்துச்சு. அந்த வலியில கோவம் திரும்பி வந்துருச்சு.

"ஒரே வார்த்தை சொல்லுங்கய்யா. நாளைக்கு நான் வரட்டுமா, வேண்டாமா?"

ஐயா இன்னொரு கடலையை உடைச்சார்.

"ஏன் பண்ணுனேன்னு கேக்க மாட்டீங்களா? ஊரே கேட்டுருச்சு."

"கேட்டா என்ன சொல்லுவே?"

"போற எடமெல்லாம் 'ஏங்க்கா அழுதீங்களா? உடம்புக்கு முடியலையா?'ன்னாங்க. நான் நல்லாத்தான் இருந்தேன். மூஞ்சிதான் கீழ எறங்கிப்போய், நான் சொல்லாததையெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சுது. இதைச் சொன்னா எல்லாரும் 'ப்ச்'னு இரக்கப்படுவாங்க. அதுவும் எனக்கு வேண்டாம். எனக்கு ஆசையா இருந்துச்சு, பண்ணிக்கிட்டேன். அவ்வளவுதான்."

"ராத்திரி தூங்கறியா?"

இதை இதுவரைக்கும் யாரும் கேக்கல.

"தலகாணியை அடுக்கிச் சாஞ்சுட்டுத்தாங்க தூங்கணும். பொரண்டு படுக்கக் கூடாது. கன்னத்தைத் தொட்டா தொட்டதே தெரியறதில்ல. வேற யாரோட கன்னமோன்னு இருக்கு."

ஐயா கடலைத் தொலியை ஒதுக்கிட்டு எந்திரிச்சார்.

"வா, வாசல் வரைக்கும் போலாம்."

வாசல்ல ரெண்டு பேரு மூங்கில் சட்டத்துல புது பிளெக்ஸ் கட்டிட்டு இருந்தாங்க. நாளைக்குப் பௌர்ணமியோட ஐயாவுக்குப் பவள விழா. எழுபத்தஞ்சு முடியுது. பிளெக்ஸ் ஒரு மாடி ஒசரம். அதுல ஐயா நின்னார். தக்காளிக் கன்னம். நெத்தியில ஒரு கோடு இல்ல. கழுத்து வழவழன்னு, கல்யாண மாப்பிள்ளையாட்டம். கீழ நஞ்சப்பன் பேரு, கொட்டை எழுத்துல.

"இது யாரு?" ஐயா கேட்டார்.

"நீங்கதானுங்க." அப்புறம், அவளால அடக்க முடியல. "உங்க தம்பி பையன்னு சொன்னா நம்பலாம்."

"சுருக்கமெல்லாம் எங்க போச்சு?"

"கம்ப்யூட்டர்ல அழிச்சிருப்பாங்க."

"எனக்கு வலிச்சுதா?"

"உங்களுக்கு எப்படிங்க வலிக்கும்?"

"உனக்கு?"

"வலிச்சுதுங்க. இன்னும் வலிக்குது."

ஐயா தலையாட்டினார். மேல இருந்தவன் கயித்தை இழுத்துக் கட்டினான். பிளெக்ஸ் விறைப்பா நின்னுச்சு.

தெய்வானை அதையே பாத்துட்டு இருந்தா. சட்டுன்னு ஐயா பக்கம் திரும்பினா. கழுத்து திரும்பாதுங்கறதால ஆளே திரும்பினா.

"இதை அடிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. நஞ்சப்பன் போன்ல கொண்டாந்து காட்டுனார்."

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னேன்."

அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. டாக்டர், தையல், தாடை எல்லாம் மறந்து போச்சு.

"நல்லா இருக்குன்னீங்க! உங்க சுருக்கத்தை அழிச்சா விழா. என்ற சுருக்கத்தை இழுத்தா குத்தம். நானாச்சும் கத்திக்குக் கீழ படுத்தேன். பண்ணுனேன்னு ஊருக்கே சொன்னேன். நீங்க ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம, ஒரு வார்த்தை சொல்லாம, இதுக்குக் கீழ மாலை போட்டுட்டு உக்காந்துக்குவீங்க. நாங்க வந்து விழோணும். அந்தாளு போனை நீட்டுனப்ப, இது என்ற மூஞ்சி இல்லன்னு ஏனுங்கய்யா சொல்லல?"

பிளெக்ஸ் கட்டினவங்க கை அப்படியே நின்னுச்சு.

ஐயா நிமிந்து பிளெக்ஸை இன்னொரு தரம் பாத்தார்.

"என்னைய நாளைக்கு வர வேண்டாம்னாலும் சரி, வரல. இதுக்குப் பதில் சொல்லுங்க."

"இங்க சொல்ல மாட்டேன், அம்மிணி. கேக்கறதுக்குக் குடில் ஆளுங்க யாரும் இல்ல. இனிப்பா நாலு வார்த்தை பேசி உன்னைய வீட்டுக்கு அனுப்பிருவேன்." ஐயா அவ வீங்கின மூஞ்சியை நேருக்கு நேரா பாத்தார். "நாளைக்கு மொதப் பாட்டு முடிஞ்சதும் உக்காராதே. நின்னுக்கிட்டு, இதே சத்தத்துல, இதையே கேளு. நஞ்சப்பன் உக்காரச் சொல்லுவார். உக்காராதே. அத்தனை பேரு முன்னாடி நான் பதில் சொல்லோணும்."