அக்கரைக்குக் கேட்ட வேண்டுதல்

முன்னொரு காலத்தில், தெய்வத்தையே அரியணையில் உட்கார வைத்துவிட்ட ஒரு நாடு இருந்தது. தெய்வம் என்றால் சிலை இல்லை. ஓர் அணையாச் சுடர். அரியணைமேல் தங்க அகலில் அது எரியும். அரசர் ஒரு படி கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சுடர் வாய் திறந்து பேசாதல்லவா? அதன் மனத்தில் இருப்பதை மடத்தின் தலைவர் ஞானப்பிழம்பு அடிகள் எடுத்துச் சொல்வார். அடிகளின் மனத்தில் எது இருந்ததோ, பெரும்பாலும் அதுவே சுடரின் மனத்திலும் இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் சுடரை வணங்கவேண்டும் என்று அடிகள் ஓலை அனுப்பினார். ஒருவரும் வணங்கவில்லை. வணங்காதவர்களோடு பேச்சில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை என்று எல்லைகளை மூடினார். கோபம் கொண்ட அந்த நாடுகளும் அதே உத்தரவைத் திருப்பிப் போட்டன. குதிரை வருவது நின்றது. மருந்து வருவது நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கடற்கரை நாட்டிலிருந்து உப்பு வருவதும் நின்றது. அடிகளோ, "நம்மை யாரும் ஒதுக்கவில்லை. நாம்தான் உலகத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம்" என்பார். சபை தலையாட்டும். ஆட்டாத தலையை அடிகள் பார்த்து வைத்துக்கொள்வார்.

திருட்டு உப்பைப் பிடிக்க நாக்குக் காவலர் என்று ஒரு படையே இருந்தது. வீடு வீடாகப் போய்க் கஞ்சியைக் குடித்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் சிறை. நாடே இளைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் படை மட்டும் கொழுத்தது.

அரசருடைய விகடகவியின் பெயர் வெள்ளியம்பலம். அவர் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். சிரித்தபின் ஒரு நாழிகைக்கு அடிகளைக் கண்டு பயப்பட மறந்துவிடுவார். அடிகளுக்குப் பொறுக்காதது அந்த ஒரு நாழிகைதான்.

வெள்ளியம்பலத்தின் ஒரே மகள் நீலாயி அக்கரையில், துறையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி நாற்பதாம் நாள் துறையை மூடிவிட்டார்கள். நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் அவளுடைய தாய் மங்காத்தாள் காய்ச்சலில் கண்ணை மூடினாள். கடைசிவரை, "நீலா வந்துட்டாளா, துறை திறந்துட்டாங்களா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சாவை மகளுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. அம்மா இருக்கிறாள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கும்போது வெள்ளியம்பலத்துக்குச் சோறு இறங்காது. பகலெல்லாம் அரசரைச் சிரிக்க வைத்துவிட்டு, பொழுது சாய்கையில் துறையில் போய் உட்காருவார். அக்கரையில் துணி காயப்போடும் பெண்களெல்லாம் அவர் கண்ணுக்கு நீலாயியாகவே தெரிவார்கள்.

ஒருநாள் அரசர் சபைக்கு வந்ததும் வராததுமாக, "நான் கனவில் மாவடு கடித்தேன். அந்த ருசி இன்னும் நாக்கைவிட்டுப் போகவில்லை. பௌர்ணமிக்குள் எனக்கு மாவடு வேண்டும்" என்றார்.

மாவடுவுக்கு உப்பு வேண்டும். சபை அடிகளைப் பார்த்தது.

"தாராளமாக உப்புக் கொண்டுவரலாம், அரசே" என்று அடிகள் புன்னகைத்தார். "ஆனால் போகிறவன் வணங்காதவர்களோடு பேசலாகாது, எழுதலாகாது. அவர்கள் மண்ணை மிதிக்கவும், அவர்கள் கையிலிருந்து வாங்கவும் கூடாது. இவ்வளவு சாமர்த்தியம் நம் வெள்ளியம்பலத்துக்கே உண்டு. உப்பு வராவிட்டால் அவர் நாக்கை அறுத்துவிடலாம். சும்மா ஆடும் நாக்குத்தானே?"

அரசருக்கு முகம் வெளுத்தது. ஆனால் மாவடு கேட்டது அவர் வாய். திரும்பப் பெற முடியவில்லை.

"யாரோடு பேசக்கூடாது என்று தெரிந்துகொண்டேன், சுவாமி" என்றார் வெள்ளியம்பலம். "யாரோடு பேசலாம்?"

"சுடரோடு பேசு" என்று அடிகள் ஏளனமாகச் சிரித்தார்.

"உத்தரவு" என்று கும்பிட்டுக் கிளம்பினார் வெள்ளியம்பலம்.

அவர் பேச்சைக் கவனிக்க வீரணன் என்ற நாக்குக் காவலனையும் கூடவே அனுப்பினார் அடிகள். கோடைக்காலம், துறையில் இடுப்பளவுகூடத் தண்ணீரில்லை. வெள்ளியம்பலம் ஓர் அகலை ஏற்றிக் கரையில் வைத்தார். அதன்முன் மண்டியிட்டு, ஆறு அதிரும் குரலில் வேண்டத் தொடங்கினார்.

"சுடரே! உன் பிள்ளைகள் ஒன்பது வருஷமாக உப்பில்லாமல் தின்கிறோம். உப்பு வேண்டும் சுடரே! எங்கள் மலையில் மூங்கில் வெட்டுவாரில்லாமல் மக்கிக் கிடக்கிறது. அதற்கும் ஒரு வழி காட்டு!"

அக்கரையில் துறை மணியக்காரர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சுடர் நாட்டாரோடு பேசினால் அவருக்கும் தண்டனை உண்டு. சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு தம் எருமையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"ஏ எருமே! மூங்கிலு இல்லாம ஒம்போது வருஷமா உப்புக் கொட்டகைக்குக் கூரை போட முடியலையே, ஒனக்குக் கொஞ்சமாச்சும் கவலை இருக்கா? மழைக்கு உப்பெல்லாம் கரைஞ்சு ஓடுது. ஆத்துல நாலு மூங்கிலு மிதந்து வந்தா ஒன்னையா பிடிச்சு உள்ளே போடுவாங்க?"

இக்கரையில் வேடிக்கை பார்த்த மூங்கில் வெட்டிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் விடிந்தபோது மேலே இருந்து கட்டுக் கட்டாக மூங்கில் ஆற்றில் மிதந்து வந்தது. அக்கரை ஆட்கள் அதை இழுத்துப் போட்டார்கள்.

"எருமே!" என்றார் மணியக்காரர். "முதுகுல மூட்டையோட நீ வழிதவறி அக்கரைக்குப் போயிடாதே. போனா நான் தேடமாட்டேன்!" சொல்லிவிட்டு எருமையை ஆற்றுக்குள் விரட்டினார்.

இப்படித்தான் உப்பு மூட்டைகளோடு எருமைகள் ஒவ்வொன்றாய் வழிதவறத் தொடங்கின. வழிதவறி வந்த உயிரின் பாரத்தை இறக்கி, தண்ணீர் காட்டி அனுப்பு என்பது மடத்தில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். அந்த ஊர் சனம் அவ்வளவு பக்தியோடு பாரம் இறக்கியதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

சேதி ஊர் ஊராகப் பரவி, மூன்றாம் நாள் அக்கரையில் கூட்டம் கூடிவிட்டது. அதை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தண்ணீர் ஓரம் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதில் ஒரு சிறுமி. வெள்ளியம்பலத்துக்கு வேண்டுதல் பாதியில் நின்றது. இந்த முறை அது தூரத்தில் தெரிந்த யாரோ ஒருத்தி இல்லை. இடுப்பில் கைவைத்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது மங்காத்தாள் நிற்பது போலவே இருந்தது.

நீலாயி பக்கத்தில் நின்ற எருமைக்கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏ கன்னுக்குட்டி" என்றாள். "நீ நல்லா இருக்கியா? ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே? உங்கூட அம்மா வரலையா? அம்மா எங்கே?"

வெள்ளியம்பலம் அகலைப் பார்த்தார். காற்றில் ஆடிய திரியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"சுடரே" என்றார். "என் மங்காத்தாளை ஐந்து மழைக்கு முன்னால் நீ அழைத்துக்கொண்டாய். அதிகம் நோகவில்லை அவளுக்கு. துறை திறந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனாள். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் சுடரே. சொல்ல முடியாமல் போனதற்கு அவள் என்னை மன்னிக்கவேண்டும்."

அக்கரையில் நீலாயி அப்படியே மணலில் உட்கார்ந்து, கன்றின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நடுவில் நாற்பது அடித் தண்ணீர். அவள் தலையைத் தடவ அவருக்கு ஒரு கை நீளம் போதவில்லை. நாற்பது அடி வேண்டியிருந்தது.

அப்போது அந்தச் சிறுமி, எருமையையும் பார்க்காமல் கன்றையும் பார்க்காமல், நேராக இவரைப் பார்த்து, "தாத்தா!" என்று கத்தினாள்.

எல்லோரும் வீரணனைப் பார்த்தார்கள். அவன் மூக்கை உறிஞ்சினான். "எருமைக்குத் தாத்தான்னு பேரு வெச்சிருக்காங்க போல" என்று முணுமுணுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பௌர்ணமியன்று வெள்ளியம்பலம் உப்போடு சபைக்கு வந்தார். அடிகள் கொதித்தார். "இவன் எதிரியோடு பேசியிருக்கிறான்!"

"சுடரோடு பேசச் சொன்னீர்கள், பேசினேன்" என்றார் வெள்ளியம்பலம். "உங்கள் காவலனையே கேளுங்கள்."

வீரணன் அரியணைச் சுடரைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னான்: "ஒரு வார்த்தை விடாம எல்லாமே சாமிகிட்டதான் சொன்னாருங்க. அந்தப் பக்கத்து ஆளு எருமையைத்தான் வைஞ்சுகிட்டு இருந்தாரு."

"அப்படியானால் உப்பு எப்படி வந்தது?"

"சுடரிடம் உப்புக் கேட்டேன், வந்தது" என்றார் வெள்ளியம்பலம். "கேட்டால் சுடர் கொடுக்காது என்கிறாரா அடிகள்?"

அடிகள் வாயைத் திறந்தார். ஆமென்றால் மடத்துக்கு வேலையில்லை. இல்லையென்றால் வழக்கு இல்லை. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். அரசர் முக்காலி ஆட ஆடச் சிரித்தார். தலையாட்டியே பழகிய சபையும் அன்று வாய்விட்டுச் சிரித்தது. அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி விகடகவியின் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேளும்" என்றார்.

துறையைத் திறக்கவேண்டும் என்ற சொல் வெள்ளியம்பலத்தின் தொண்டைவரை வந்தது. அதைக் கொடுக்கும் பலம் முக்காலிக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"மாதம் ஒருநாள் துறையில் நின்று வேண்டிக்கொள்ள அனுமதி வேண்டும், அரசே. எனக்கு மட்டுமல்ல, ஆசைப்படும் எல்லோருக்கும்."

வேண்டுதலை அடிகள் எப்படித் தடுப்பார்? அரசர் அங்கேயே உத்தரவு போட்டார்.

சபை கலைந்தது. கும்பிட்டுத் திரும்பிய வெள்ளியம்பலத்தின் தோளை யாரோ தொட்டார்கள். அரசர் முக்காலியைவிட்டு இறங்கி வந்து நின்றார். முகத்தில் சிரிப்பின் மிச்சம்கூட இல்லை.

"வெள்ளியம்பலம், உமக்கு நல்ல உரத்த குரல்" என்றார் மெதுவாக. "மேற்கு எல்லையிலும் ஒருநாள் வேண்டிக்கொள்ள முடியுமா? அங்கேதான் என் தங்கையைக் கட்டிக் கொடுத்தோம். நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டுப் பாருமேன்."