மீன் நழுவாத கல்

அந்தப் பழைய துறைமுக ஊருக்கு மடத்து வேன் காலை எட்டு மணிக்கே வந்து சேர்ந்தது. பார்க்க வேண்டிய இடங்களை அருணகிரி தாளில் எழுதி வைத்திருந்தார். கோட்டை, மாதா கோவில், கலங்கரை விளக்கம். கடைசியாக, மடத்தை நிறுவிய வெள்ளியம்பல அடிகளின் கடலோரச் சமாதி.

முதல் மூன்றையும் கடனே என்று பார்த்தார். நான்காவதில்தான் அவர் உயிரே இருந்தது. மடத்தின் வரலாற்றில் 'கடல் தீண்டாத சமாதி' என்று எழுதியவர் அவர். சமாதிக் கல்லின் படத்துக்கு முப்பது வருஷமாக இருவேளை பூசை செய்பவரும் அவரே. நேரில் பார்த்ததில்லை. அவரென்ன, இப்போது மடத்தில் இருக்கும் யாருமே பார்த்ததில்லை.

கூட வந்திருந்த மடத்தின் இப்போதைய குரு முருகவேள் அவரைவிட இருபது வயது இளையவர். கோட்டை மதில்மேல் காலாற நடந்தார். மாதா கோவில் வாசலில் சுண்டல் வாங்கித் தின்றார்.

கடற்கரைக்குப் போனால் சமாதி இல்லை. வெறும் மணல்தான் இருந்தது. அருணகிரி சுற்றுமுற்றும் பார்த்தார். மீன் அரிந்துகொண்டிருந்த செல்லக்கிளி என்ற பெண்ணிடம் ஓடினார்.

"இங்க ஒரு சமாதி இருக்குமே, தாயி?"

"அதைக் கடல் கொண்டுபோயி ரொம்ப வருஷமாச்சுங்கய்யா. கல்லு மட்டும் கெடந்துச்சு. எங்க வூட்டுக்காரரு தூக்கியாந்து போட்டாரு. இதோ, மீன் அரியுற இந்தக் கல்லுதான்."

செதிலுக்கும் ரத்தத்துக்கும் அடியில் 'வெள்ளியம்பல' என்ற எழுத்துகள் தெரிந்தன. வெங்காயம்கூட உள்ளே வராத மடம் அவருடையது. அருணகிரி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாருங்க சாமி, இந்த அநியாயத்தை."

குரு கல்லருகே குந்தினார்.

"கல்லு எப்படிம்மா?"

"நல்ல கல்லு சாமி. எழுத்து வெட்டியிருக்கா, மீனு நழுவாது."

"தினம் கழுவுவீங்களா?"

"கழுவாமயா? காலையில வந்ததும் ஒரு தரம், வீட்டுக்குப் போறப்ப ஒரு தரம். கழுவிட்டு ஒரு கும்புடு. சோறு போடுற கல்லாச்சே."

குரு கல்லின் முன் விழுந்து வணங்கினார். எழுந்தபோது நெற்றியில் இரண்டு செதில்கள் ஒட்டியிருந்தன. அவர் துடைக்கவில்லை.

அதையும் அருணகிரி பார்த்தார். மெல்லச் சமாளித்துக்கொண்டு எழுந்தார்.

"இது எங்க குருநாதர் கல்லு, தாயி. மடத்துக்கு எடுத்துட்டுப் போறோம்."

செல்லக்கிளியின் முகம் சுண்டிப்போனது.

"உங்க சாமின்னா எடுத்துக்குங்கய்யா. இந்தக் கூடையை மட்டும் முடிச்சுக்கறேன்."

அருணகிரி டிரைவரைக் கூப்பிடத் திரும்பினார். குரு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கல்லு வராது, அருணகிரி. மடத்தை இங்க தூக்கிட்டு வர முடியுமான்னு பாருங்க."