யாரையும் கேளாமல்

முன்னொரு காலத்தில், கல்லில் வெட்டியது மாறாது என்று குடிகள் நம்பியிருந்த ஒரு நாடு இருந்தது. அரண்மனை வாயிலில் நின்ற சட்டக்கல்லில், "யாரையும் கேளாமல் தண்டிக்கலாகாது" என்று மன்னனின் பாட்டனார் வெட்டுவித்திருந்தார். ஒருவன் தரப்பைக் கேட்ட பிறகே தண்டனை என்பது அதன் பொருள்.

அமைச்சர் அரங்கராயர் ஏரிக்கரையைச் செப்பனிட்டதாகச் சொல்லி, சேற்றைப் பூசி மூடியிருந்தார். கரை கசிகிறது என்று மடைக்காவலர்களான அண்ணன் தம்பி இருவர் சந்தையில் சொல்லிவிட்டார்கள். அவர்களை விசாரித்தால் உண்மை வெளிவரும்.

"காலம் மாறுகிறது, மன்னா. சட்டம் மட்டும் மாறாமல் நிற்கலாமா?" என்று அமைச்சர் ஓதினார். மன்னனுக்கும் வழக்குக் கேட்பது அலுத்திருந்தது. சிற்பி வந்தான். கல்லில் 'தண்டிக்கலாகாது' போய், 'தண்டிக்கலாம்' வந்தது.

அன்றே அண்ணன் தலை உருண்டது. தம்பி சாத்தன் சிறையில் கிடந்தான். மறுநாள் அவன் முறை.

அரசவை விகடகவி உலகன் பிறரைச் சிரிக்கவைத்தவன், பல்லிளித்தவன் அல்லன். அநியாயத்துக்குத் தலையாட்டும் வழக்கம் அவன் குடியிலேயே கிடையாது. சாத்தனை எள்ளி நகையாட அரங்கராயர் சிறைக்குள் நுழைந்ததும், உலகன் வெளியே பூட்டிவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு சபைக்கு வந்தான்.

மன்னன் சீறினான். "அடேய்! யாரைக் கேட்டு அமைச்சரை அடைத்தாய்?"

"யாரையும் கேளாமல்தான், மன்னா. கல்லில் அப்படித்தானே இருக்கிறது? யாரையும் கேளாமல் தண்டிக்கலாம்!"

"மூடனே, அது அரசனுக்கு மட்டும் உரியது!"

"அரசன் என்ற சொல்லைக் கல்லில் காணோமே. இன்று நான் படித்தேன். நாளை சேனாபதியார் படிப்பார். அவரிடம் என்னுடையதைவிடப் பெரிய பூட்டு இருக்கிறது."

மன்னன் சேனாபதியைப் பார்த்தான். சேனாபதி தரையைப் பார்த்தார்.

"அமைச்சர் தரப்பையாவது கேட்கவேண்டாமா?" என்று சொல்லத் தொடங்கிய மன்னன், தன் சொல்லே தன்னைச் சுட, பாதியில் நிறுத்தினான். பிறகு சிரித்தான். சபையில் வேறெவரும் சிரிக்கவில்லை.

முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். உலகன் கை நீட்டவில்லை.

"மாலை வேண்டாம், மன்னா. எடுத்த 'ஆகாது' என்ற சொல்லைத் திருப்பித் தாருங்கள்."

சிற்பி மறுபடி வந்தான். சாத்தனின் வழக்கைச் சபை கேட்டது. கரையைத் தோண்டிப் பார்த்தது. சாத்தன் வீடு திரும்பினான். அரங்கராயர் மண் சுமக்கப் போனார், அவர் தரப்பையும் கேட்ட பிறகு.

இருமுறை செதுக்கிய இடம் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் அந்த ஒரு சொல்லில் மட்டும் நீர் தேங்கும். சாத்தன் தனியே அவ்வழி போகும்போதெல்லாம், மேல்துண்டால் அதைத் துடைத்துவிட்டுப் போவான்.