நெட்டாங்குளம் உருண்டையான கதை

நெட்டாங்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேய்ந்துவிடக் கூடாதென்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அங்கே இசக்கிமுத்து, செண்பகராமன், ஆவுடையப்பன் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள். கோயில் கொடைத் திருவிழா நெருங்கிய சமயம், ஊர்த்தலைவர் வெள்ளத்துரை அங்கே வந்தார்.

"நோட்டீஸ் அட்டைக்கு மொத்த ஊரையும் படம் எடுக்கணும்வே. போன கொடைக்குத் தெற்குத் தெரு படத்துல விழலன்னு ஒரு பய சப்பரம் தூக்க வரல. இந்தத் தடவை ஒரு வீடு விட்டுப்போனாலும் கடையை இழுத்துப் பூட்டிருவேன்!"

இசக்கிமுத்து செல்போனில் ஒரு வீடியோ கண்டுபிடித்தான். ஊர் முழுவதையும் குட்டிக் கிரகம் மாதிரி உருட்டிக் காட்டும் வித்தை அது. 'கேமராவை நடுவில் வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் படம் எடுங்கள்' என்றது.

முச்சந்தியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் அதைச் சுற்றி ஓடி ஓடிப் பட்டனை அமுக்கினார்கள். எல்லாப் படத்திலும் ஒரே டீக்கடைதான் இருந்தது. கடைசிப் படத்தில் மட்டும் செண்பகராமன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"கேமராவைச் சுத்துங்கவே!" என்று கத்தினார் டீக்கடைக்காரர்.

"அதைத்தானே அண்ணாச்சி செய்யுதோம்?" என்றான் ஆவுடையப்பன், ஓடிக்கொண்டே.

அவரே எழுந்து வந்து கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து, 'படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள்' என்றது வீடியோ. கம்ப்யூட்டர் திரையைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. சுவரில் காலைச் சாய்த்து மூன்று பேரும் தலைகீழாக நின்றார்கள். ஊர் நேராகத் தெரிந்தது.

"அப்போ படம் திரும்பவே இல்லையேவே!"

"படம் திரும்பிட்டு. பின்னாலயே நாமளும் திரும்பிட்டோம்."

"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும்" என்று செண்பகராமன் நியாயம் சொல்லும்போதே ஆவுடையப்பன் சரிந்து மேஜையில் விழுந்தான். அவன் குதிகால் மவுசில் எதையெதையோ அமுக்கியது. ஊர் சுருண்டு உருண்டையாகிவிட்டது. கொழுக்கட்டையில் குச்சி செருகின மாதிரி நாலாபக்கமும் தென்னைமரம், தண்ணித்தொட்டி. ஒரு வீடுகூட விட்டுப்போகவில்லை.

தலைவர் மூன்று பேருக்கும் துண்டு போர்த்தினார். நோட்டீஸ் வீடு வீடாகப் போனது.

மறுநாள் காலையில் தெற்குத் தெரு சொர்ணத்தம்மாள் தெருவையே திரட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"தலைவரே, வடக்குத் தெரு உச்சியில ஜம்முன்னு நிக்கி. நாங்க மட்டும் அடியில வவ்வாலாட்டம் தொங்குதோம். விழுந்துட்டா யாரு பதில் சொல்லுவா?"

"இத்தனை வருஷமா விழலயே, தாயி?"

"தொங்குதோம்னு தெரியாம இருந்தோம், விழல. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே!"

கூட்டம் ஆமோதித்தது. தலைவரும் ஒரு தடவை குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டார்.

"பூமியே உருண்டைதானம்மா..."

"பூமி உருண்டைன்னா அது கவர்மெண்டு பாடு. ஊர் உருண்டைன்னா அது உம்ம பாடு!"

கூட்டத்தில் நின்ற ஆவுடையப்பன் நோட்டீஸைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக் காட்டினான். தெற்குத் தெரு மேலே வந்தது. உடனே வடக்குத் தெருக்காரர்கள் "ஐயோ!" என்று அலறித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். சட்டென்று பழையபடி திருப்பினான். அவர்கள் நிம்மதியாக எழுந்து மண்ணைத் தட்டினார்கள்.

கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். வண்டி நிறையத் தேங்காய்நார்க் கயிறு வந்து இறங்கியது. தெற்குத் தெருவில் ஆளுக்கொரு தென்னையில் கட்டிக்கொண்டார்கள். தென்னையே விழுந்துவிட்டால்? அதை வீட்டோடு கட்டினார்கள்.

மத்தியானப் பஸ் தெற்குத் தெருவில் வந்து நின்றது. மரத்துக்கு மரம் ஆட்கள் கட்டுண்டு கிடப்பதைப் பார்த்த வெளியூர்க் கண்டக்டர், "என்னம்மா ஆச்சு?" என்று படியில் காலை வைத்தார்.

"இறங்காத தம்பி!" என்று கத்தினாள் சொர்ணத்தம்மாள். "கீழ இறங்கினா மேல போயிருவ!"

கண்டக்டர் தலையை நீட்டி வானத்தை ஒரு தடவை பார்த்தார். காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பஸ்ஸுக்கும் ஒரு கயிறு போடுங்கம்மா" என்றார்.