களவாக் குட்டியும் கோமாளி மீன் செம்பியும்

கீழக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த நைனா, கடையின் மூலையில் ஒரு சின்ன மீன்தொட்டியும் வைத்திருந்தார். அதில் கடல்நீர். நடுவில் ஒரு கல். கல்லின் மேல் விரல் விரலாக ஆடும் கடற்சாமந்தி. அந்த விரல்கள் மற்ற மீன்களைச் சுடும். கோமாளி மீன்களை மட்டும் ஒன்றும் செய்யாது. அதனால் செம்பி என்ற கோமாளி மீன் தன் கணவன் குட்டானோடு அதற்குள்ளேயே குடியிருந்தாள். செம்பி பெரியவள். குட்டான் அவளில் பாதி.

கல்லின் பொந்தில் நீண்ட மீசை வைத்த ஓர் இறால் இருந்தார். மீன்களின் உடம்பிலிருந்து அழுக்கைப் பொறுக்கித் தின்பது அவர் வேலை. செம்பி அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள்.

தொட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. புது ஆள் யாராவது வந்தால் நைனா நேராக உள்ளே விடமாட்டார். வலைக்கூடையில் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுவார். செம்பி கூடையை முட்டினால் புது ஆளைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். முட்டாவிட்டால் திறந்துவிடுவார். ஆகவே யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது செம்பியின் மூக்கில் இருந்தது.

முதலில் ஒரு சங்கு நண்டு வந்தார்.

"கீழே விழுகிற தீனியைப் பொறுக்கிக்கொள்வேன். யார் வழிக்கும் வரமாட்டேன்" என்றார் அவர்.

"முதுகில் யாரோ விட்டுப்போன ஓடு. காலெல்லாம் முடி" என்றாள் செம்பி. "நாலு பேர் வந்து போகிற கடை இது. நம் வீட்டைப் பார்த்து என்ன நினைப்பார்கள்?" கூடையை ஓங்கி முட்டினாள். நண்டு போய்விட்டார்.

அடுத்து ஒரு களவா மீன் குட்டி வந்தான். விரல் நீளம்தான் இருந்தான். உடம்பெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி.

"அக்கா, கடலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உங்களுடைய வெள்ளைப் பட்டை மாதிரி யாருக்கும் இல்லை" என்றான்.

செம்பி எல்லாப் பட்டையும் தெரியும்படி ஒரு சுற்று திரும்பினாள்.

இறால் அவளை ஓரமாக அழைத்தார். "இவன் வாயைப் பார்த்தாயா? உடம்பில் பாதி வாய். இவன் இனத்தாரைப் பாறை இடுக்கில் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்குட்டி அளவு இருப்பார்கள். எங்களைப் போன்றவர்கள்தான் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு."

"நீங்கள் எதற்கெடுத்தாலும் பயப்படுவீர்கள் அண்ணா. இவன் இத்தனூண்டு பிள்ளை" என்றாள் செம்பி.

குட்டான் ஏதோ சொல்ல வந்தான்.

"நீங்கள் சும்மா இருங்கள்" என்றாள். அவன் கடற்சாமந்திக்குள் திரும்பிப் போனான்.

கூடை திறந்தது.

களவா நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். தினமும் வணக்கம் சொன்னான். தினமும் வளர்ந்தான். மழைக்காலம் முடிவதற்குள் கல்லுக்குப் பின்னால் தலையை வைத்தால் வால் வெளியே தெரிந்தது. ஒரு நாள் காலை இறாலின் மீசையில் பாதியைக் காணவில்லை. மறுநாள் குட்டான் தீனியைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தபோது, பெரிய வாய் ஒன்று அவன் வாலுக்கு மிக அருகில் படக்கென்று மூடியது. அவன் கடற்சாமந்திக்குள் பாய்ந்து ஒளிந்தான்.

செம்பி நேராகக் களவாவிடம் போனாள். "என்னடா இது?"

"தெரியவில்லை அக்கா" என்றான் அவன். அவனுக்கே வெட்கமாக இருந்தது. "வாய்க்குள் அடங்குகிற அளவில் எது அசைந்தாலும் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. பிறகுதான் யார் என்று பார்க்கிறேன். எனக்கும் இங்கே சுகமில்லை. திரும்பிப் படுக்க முடியவில்லை. மூக்கு இந்தக் கண்ணாடியில் இடிக்கிறது, வால் அந்தக் கண்ணாடியில் இடிக்கிறது."

செம்பியின் கோபம் இறங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்தாள். "நைனா உன்னை வேறு பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டுமானால், அவர் கண்ணில் படும்படி ஏதாவது செய்ய வேண்டும். நாளைக்கு அவர் தீனி போட்டதும் வயிறு முட்டச் சாப்பிடு. பிறகு வாயைத் திறந்துகொண்டு நில். ஒரு ஆள் உள்ளே தலையை நீட்டட்டும்."

"எந்த ஆள்?" என்று கேட்டபடியே இறால் பொந்துக்குள் பின்வாங்கினார்.

"நான்தான்" என்றாள் செம்பி. "கூடையை முட்டாமல் விட்டவள் நான்தானே."

மறுநாள் நைனா தீனி போட்டுவிட்டு ஓர் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் களவா வாயைத் திறந்தான். உள்ளே இருட்டாக இருந்தது. செம்பி கண்ணை விரித்துக்கொண்டே தலையை நுழைத்தாள்.

குட்டான் கடற்சாமந்தியை விட்டு வெளியே வந்து களவாவின் முகத்துக்கு நேராக நின்றான். "வாயை மூடினால் உன் கண்ணைக் கொத்திவிடுவேன்" என்றான். அவன் அந்த வாய்க்குள் அடங்குகிற அளவுதான். ஆனால் நகரவில்லை.

அந்த அம்மா கடையைச் சுற்றிப் பார்த்தார். "கண்ணாடி நல்லாத் தெரியுது. உங்க பெரிய மீன் சின்ன மீனை முழுங்குறதுகூடத் தெரியுது."

நைனா வாளியோடு ஓடிவந்தார். செம்பி நழுவி வெளியே வந்தாள். வலையில் ஏறும்போது களவா சொன்னான்: "வருகிறேன் அக்கா. பட்டையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை." அன்று மாலையே அவன் மண்டபம் ஊரில் நைனாவின் நண்பர் வைத்திருந்த பெரிய தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே அவனால் வாலைத் திருப்ப முடிந்தது.

சில நாள் கழித்துக் கூடை மறுபடி இறங்கியது. உள்ளே ஓர் உளுவை மீன். மண் நிறம். பேசுவதற்கு முன் வாயிலிருந்த மணலைத் துப்பினான்.

"நீ இன்னும் எவ்வளவு வளர்வாய்?" என்று கேட்டாள் செம்பி.

"வளர்ந்து முடித்துவிட்டேன். இவ்வளவுதான்."

"என்ன சாப்பிடுவாய்?"

"மணலை வாயில் போட்டுச் சலிப்பேன். கிடைப்பதைத் தின்பேன். படுப்பது கல்லுக்கு அடியில்."

செம்பி குட்டானைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. குட்டான் ஒரு சுற்று நீந்திவிட்டு வந்து, "வரட்டும்" என்றான். செம்பி மூக்கைக் கூடையிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள்.

ஒருவரை நம்மோடு வாழச் சேர்த்துக்கொள்ளும் முன், அவர் நம்மை எப்படிப் புகழ்கிறார் என்று பார்க்காமல், அவர் வாழும் விதம் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.